ஒன்றரை வருடப் பட்டம்

என்னுடைய நான்கு வருடப் பட்டம் உண்மையில் ஒன்றரை வருடம்தான் பெறும் என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர், என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை. கற்பிட்டியில் எங்கள் வீட்டு ஹோலில், உம்மா செய்த வட்டிலப்பத்தைக் கரண்டியால் வெட்டிக்கொண்டே சொன்னார். குரலில் கோபம் இல்லை. ஏதோ காலநிலை சொல்வதைப்போல.

அவர் புத்தளம் டவுனைச் சேர்ந்தவர். அவருடைய வாப்பாவுக்குப் பாலாவியில் உப்பளம் இருந்தது. சின்னதிலேயே கொழும்புக்கு அனுப்பி, லண்டன் பரீட்சைக்குப் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பிறகு இங்கிலாந்தில் மூன்று வருடம் கணிதம் படித்துவிட்டு, அங்கேயே கலாநிதிப் பட்டத்துக்கும் சேர்ந்திருந்தார். நானும் கணிதம்தான். அதனால்தான் தரகர் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். "ரெண்டு பேரும் ஒரே படிப்பு, கதைக்கிறதுக்குக் கதையிருக்கும்" என்று உம்மாவிடம் சொன்னாராம். கதையிருந்தது, உண்மைதான்.

நான் படித்த வழி வேறு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் படிப்பிக்க ஆள் இல்லை. பஸ் பிடித்துப் புத்தளம் போய்ப் படித்தேன். வகுப்பில் ஆம்பிளைப் பிள்ளைகள்தான் அதிகம். அவர்களைவிடக் கெதியாகக் கணக்குச் செய்வதுதான் அந்த வகுப்பில் வாயைத் திறக்க எனக்கிருந்த ஒரே அனுமதி. பழைய பரீட்சைத் தாள்கள் எல்லாவற்றையும் செய்து முடித்தேன். தொகையீடு எப்படி வந்தாலும் கை தானாகப் போகும். கம்பஸுக்குத் தெரிவானேன். அதுவரை தமிழில் படித்தது முழுவதும் அங்கே போன முதல் நாளே இங்கிலிஷாகிவிட்டது. விரிவுரையாளர் பலகையில் எழுதுவார், நாங்கள் கொப்பியில் எழுதுவோம். பரீட்சைக்கு முந்தின கிழமை "இந்த நிறுவல் வரலாம்" என்பார். வரும். மனப்பாடம் செய்ததை எழுதிவிட்டு வருவோம். நான் நன்றாக மனப்பாடம் செய்கிறவள். விசேட பட்டம், நல்ல வகுப்பில் தேறினேன்.

அந்த மாப்பிள்ளை தன்னோடு பிறந்த ராத்தாவோடும் மாமாவோடும் வந்திருந்தார். பெரியவர்கள் காணி, கடல், வெங்காய விலை என்று கதைத்து முடித்த பிறகு, "நீங்களும் ஏதாவது கேளுங்களேன்" என்று மாமா அவரைத் தூண்டிவிட்டார். அவர் கதிரையை என் பக்கம் கொஞ்சம் திருப்பினார்.

"அனலிசிஸ் எந்தப் புத்தகத்தில படிச்சீங்க?"

"புத்தகம் இல்ல. சேர் தந்த நோட்ஸ்."

"நோட்ஸா?" தன் ராத்தாவைப் பார்த்துச் சிரித்தார். "சரி. மெஷர் தியரி?"

"ஓம், செஞ்சோம். நாலாம் வருஷம்."

"அப்ப ஒண்டு கேட்கிறேன். மூடின இடைவெளியில தொடர்ச்சியான சார்பு ஒண்டு எல்லை மீறிப் போகாது. ஏன்?"

எங்களுக்கு மூன்று தரம் பரீட்சையில் வந்த நிறுவல் அது. நான் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒப்புவித்தேன். எங்கேயும் தடங்கவில்லை. என் சின்ன மாமி உள்ளேயிருந்து "மாஷா அல்லாஹ்" என்றது எனக்கே கேட்டது.

"நல்லாப் பாடமாக்கியிருக்கீங்க," என்றார் அவர். "மூடின இடைவெளி எண்ட நிபந்தனையை எந்த வரியில பாவிச்சீங்க?"

என் மனதில் அந்தக் கொப்பிப் பக்கம் அப்படியே தெரிந்தது. வரிகள் இருந்தன, மைக்கறை இருந்தது. எந்த வரி எதற்காக இருக்கிறது என்பது மட்டும் அதில் இல்லை.

"பரவாயில்ல," என்றார். பிறகு ராத்தாவின் பக்கம் திரும்பி, எனக்கும் கேட்கிற மாதிரி, "எங்கட கம்பஸில இது முதல் வருஷத்திலேயே கேட்கிறது. இவங்கட நாலு வருஷம் எங்கட ஒண்டரை வருஷத்துக்குச் சரி," என்றார்.

எனக்குக் காது சுட்டது. தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போயிருக்க வேண்டும். உம்மா கதவோரம் நின்று அதைத்தான் கண்ணால் சொல்லிக்கொண்டிருந்தா. நான் போகவில்லை.

"நானும் ஒண்டு கேட்கட்டா?" என்றேன்.

"கேளுங்க."

"உராய்வில்லாத ஒப்பமான மேசையில ஒரு ஆப்பு கிடக்கு. ஆப்பின்ட சாய்ஞ்ச முகமும் ஒப்பம். அதில ஒரு துணிக்கையை வெச்சு விட்டா, ஆப்பின்ட ஆர்முடுகல் என்ன?"

"என்ன முடுகல்?"

"எக்ஸலரேஷன்."

"அது ஃபிசிக்ஸ்," என்றார்.

"இல்ல. அது எங்கட உயர்தரக் கணிதம். பதினெட்டு வயசில செய்றது. பேப்பர் தரட்டா?"

பேப்பரும் பேனையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. அவருடைய ராத்தாவின் முகம் இறுகிப்போனது. "தங்கச்சி, தேத்தண்ணி ஆறிப்போச்சு போல," என்று மாமா பொதுவாகச் சொன்னார். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். போன அவசரத்தில் ஒரு கோப்பை தட்டில் சாய்ந்து, மிச்சத் தேத்தண்ணி சட்டையில் கொட்டியது.

இரண்டு நாளில் தரகர் பதில் கொண்டுவந்தார். "பொண்ணு கெட்டிக்காரியாம். ஆனா லெவல் ஒத்து வராதாம்." தரகருக்கு 'லெவல்' என்றால் என்னவென்று தெரியாது. வசதியைச் சொல்கிறார்கள் என்று நினைத்து, எங்கள் தோட்டத்தையும் லொறியையும் பற்றி அங்கே பெரிதாகச் சொன்னதாக உம்மாவைச் சமாதானப்படுத்தினார்.

அவர் போன பிறகு உம்மா வெடித்தா. "மாப்பிள்ளைக்கிட்ட ஆராவது கணக்குக் கேட்பாங்களா? ஊர்ல எங்கயாவது நடந்திருக்கா?"

"அவர்தானே முதல்ல கேட்டார்," என்றார் வாப்பா. பிறகு வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். உம்மா நோன்பு வரும்வரை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

எனக்கு அந்த ஆளின்மேல் வந்த வெறுப்பு கலியாணம் குழம்பியதால் வந்ததல்ல. அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாததால் வந்தது. அவர்கள் வந்துபோன அன்றைக்கு மத்தியானமே பதில் தெரிந்துவிட்டது. எண்களின் தொடரி ஒன்றின் எல்லை இடைவெளிக்குள்ளேயே விழும் என்று ஒரு வரி இருக்கிறது, அங்கேதான் அந்த நிபந்தனை வேலை செய்கிறது. ஓரம் திறந்திருந்தால் எல்லை வெளியே நழுவிப்போகும். சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். நான்கு வருடம் அந்த வரியை எழுதியிருக்கிறேன், ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்த வீம்பில்தான் வெளிநாட்டு முதுமாணிப் பட்டத்துக்கு விண்ணப்பித்தேன். இங்கிலாந்துக்கு இல்லை. அந்தப் பெயரே எனக்குப் பிடிக்காமல் போயிருந்தது. ஐரோப்பாவில் வடக்கே, குளிர் நாடொன்றில் ஒரு பல்கலைக்கழகம். அவர்கள் என் பெறுபேற்றையும் பாடங்களின் விபரத்தையும் பார்த்துவிட்டு, சேர்க்கிறோம், ஆனால் அதற்கு முதல் குறையை நிரப்ப ஓன்லைனில் ஒரு பாலப் படிப்பு முடிக்க வேண்டும், கடைசியில் வாய்மொழிப் பரீட்சை என்று சொன்னார்கள். காரணம், என்னுடைய இளமாணிப் பட்டம் அவர்களுடைய இரண்டாம் வருடத்தின் நடுப்பகுதிக்குத்தான் சமன்.

அதாவது ஒன்றரை வருடம். அந்த ஆளை அறியாத, வட்டிலப்பம் சாப்பிடாத மனிதர்கள் அதே கணக்கைச் சொல்கிறார்கள். போனைக் கட்டிலில் எறிந்தேன்.

அன்றைக்கே கம்பஸில் எனக்கு அனலிசிஸ் படிப்பித்த சேருக்குக் கோல் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அவங்களுக்கு எங்கட சிலபஸ் விளங்காது," என்றார். "எங்கட பிள்ளைகள் வெளியில போய் முதலாவதா வந்திருக்கிறாங்க. உமக்குக் கஷ்டமெண்டா அது உம்மட கஷ்டம்."

"சேர், நிறுவல் தந்தீங்க. அதில எந்த நிபந்தனை எங்க வேலை செய்யுது எண்டு ஒருநாளும் எங்களைக் கேட்கல்லயே. ஏன்?"

"பிள்ளை, உங்கட பட்ச் உள்ள வந்ததே பிந்தி. பிறகு ஸ்ட்ரைக். பிறகு கொரோனா வருத்தம் வந்து கம்பஸ் பூட்டினது. ஒரு வருஷப் பாடத்தை நாலு மாசத்தில முடிச்சேன். கேள்வி கேட்டுக்கொண்டு நிக்க எனக்கு நேரம் எங்க இருந்தது?"

"ஸ்ட்ரைக் இல்லாத வருஷத்தில கேட்டீங்களா, சேர்?"

போனை வைத்துவிட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை என்று எனக்குத் தெரியும். மற்றப் பாதிக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பாலப் படிப்பு தொடங்கிய நேரம் நாடு கடனில் விழுந்து இருண்டு கிடந்தது. டீசலும் இல்லை, கரண்டும் இல்லை. மின்வெட்டு எந்த நேரம் வரும் என்று வகுப்பு பார்க்குமா? வாப்பா ஓடாமல் நின்ற லொறியின் பற்றரியைக் கழற்றிக்கொண்டுவந்து, தெரிந்த ஒரு மெக்கானிக்கைப் பிடித்து ரவுட்டருக்கு வயர் கொடுத்தார். உம்மா அந்தப் பற்றரியைப் பார்க்கும்போதெல்லாம் "இதெல்லாம் அந்தக் கேள்வியால வந்த வினை" என்பா.

வகுப்பில் பல நாட்டு ஆட்கள். எனக்கு ஞாபகமிருப்பது இரண்டு பேரைத்தான். ஒருத்தி தமிழ்நாட்டுக்காரி, மதுரைப் பக்கம். மற்றவன் இங்கிலாந்தில் பட்டம் எடுத்த ஒரு வெள்ளைக்காரப் பொடியன். அவனைக் கண்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! இங்கிலாந்துப் பட்டத்துக்கும் பாலம் தேவைப்படுகிறதே! அவனுடைய பட்டத்தில் பாதி கணிதம், பாதி பொருளியலாம்.

மதுரைக்காரி முதல் நாளே எனக்குத் தமிழில் செய்தி அனுப்பினாள். நீங்களும் தமிழா, எந்த ஊர், என்ன படித்தீர்கள் என்று. நான் பாடங்களை எழுதி அனுப்பினேன். பள்ளியில் தமிழில் படித்ததால் வெக்டர், மெட்ரிக்ஸுக்குக் காவி, தாயம் என்று எங்கள் சொற்களையே போட்டேன். அவள் உடனே குரல் பதிவு அனுப்பினாள்.

"காவியா? சாமியார் கட்டுற துணியா? தாயம்னா எங்க ஊர்ல உருட்டி விளையாடுறதுங்க!" சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது. "நாங்க திசையன், அணின்னு சொல்லுவோம். நீங்க எல்லாத்தையும் மாத்தி வெச்சிருக்கீங்களே."

மாற்றி வைத்தது நாங்களா? அவளுடைய சிரிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பதில் போடவில்லை. இங்கிலாந்தில் படித்த மாப்பிள்ளை என் பட்டத்தைக் குறைத்தார், இவள் என் தமிழையும் குறைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

படிப்பித்தவ ஒரு மெலிந்த பெண், வயது ஐம்பதுக்குக் கிட்ட. அவவுடைய நாட்டில் கணிதப் பரீட்சை என்றாலே வாய்மொழிதானாம். சீட்டு எடுக்க வேண்டும், கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டும், பிறகு பரீட்சகருக்கு முன்னால் இருந்து கதைக்க வேண்டும். எழுதி ஒப்பிக்கிற விளையாட்டெல்லாம் அவவிடம் நடக்காது. முதல் கிழமையிலேயே எங்கள் எல்லோரையும் உரித்துப் போட்டா.

மதுரைக்காரிக்குப் பாடங்களின் பெயர் எல்லாம் தெரியும். நான் கேள்விப்படாத தேற்றங்களைக்கூட இலக்கத்தோடு சொல்லுவாள். பன்னிரண்டு மார்க் விடை, ஐந்து மார்க் விடை என்று பிரித்துப் படித்திருந்தாள். "அந்தத் தேற்றத்துக்கு ஒரு உதாரணம் சொல்" என்றால் முழித்தாள். வெள்ளைக்காரப் பொடியனுக்கு எந்த நிறுவலும் முழுதாகத் தெரியாது. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று வெட்கமில்லாமல் சொல்லி, அப்படியே யோசித்துக்கொண்டு கதைப்பான். அவனுக்கு ஒரு சாதாரணத் தொகையீட்டைச் செய்ய நான் அரைப் பக்கம் முடிக்கிற நேரம் வேண்டும். நான் கைவேகத்தில் எல்லோருக்கும் முன்னால். "ஏன்?" என்ற கேள்வி வந்தால் எல்லோருக்கும் பின்னால்.

"நீங்கள் மூன்று பேரும் மூன்று விதமாகக் கெட்டுப்போயிருக்கிறீர்கள்," என்றா அந்தப் பெண் ஒருநாள். இங்கிலிஷில் அது இன்னும் மோசமாகக் கேட்டது. எனக்கு அவவையும் பிடிக்கவில்லை.

அவ தந்த பயிற்சி ஒன்றுதான். எந்தத் தேற்றமானாலும் ஒரு நிபந்தனையைக் கழற்றி எறி, என்ன உடைகிறது என்று பார், உடைகிற உதாரணத்தைக் கொண்டு வா. நான் சமையலறையில், கிணற்றடியில், பாண் வாங்கப் போகும் வழியில் எல்லாம் தேற்றங்களை உடைத்துக்கொண்டு திரிந்தேன். காற்றுக் காலம். தோட்டத்து மண் கண்ணில் விழும். காற்றில் பறக்கும் பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் சறுக்கும் வெளிநாட்டுக்காரர் அந்த வருடம் ஒருவரும் வரவில்லை, கடற்கரை வெறிச்சோடிக் கிடந்தது. அங்கே போய் மணலில் விரலால் எழுதுவேன். அந்த மாப்பிள்ளை செய்ததும் இதே வேலைதான் என்று அப்போது விளங்கியது. அவர் கேட்டது சரியான கேள்வி. கணிதம் தெரிந்த எவரும் கேட்க வேண்டிய கேள்வி. அது விளங்கியதால் அவர்மேல் இருந்த வெறுப்பு ஒரு சொட்டும் குறையவில்லை. சரியான கேள்வியைப் பதிலுக்காகக் கேட்கலாம், ஆளை அளந்து ஓரமாக வைக்கவும் கேட்கலாம். அவர் கேட்டது இரண்டாவதற்கு.

ஒரு கிழமை எனக்கு எதிருதாரணம் ஒன்று அகப்படவேயில்லை. வேறு வழியில்லாமல் மதுரைக்காரிக்குக் கோல் எடுத்தேன்.

"கோவமா இருந்தீங்களே?" என்றாள்.

"இப்பவும் கோவம்தான். கணக்குக்காக எடுத்தேன்."

"நானும் அதுல மாட்டிட்டுதான் இருக்கேன். கதவைச் சாத்திட்டு அழுதேன்," என்றாள். ஊரிலேயே முதலாவதாக வந்தவளாம். முதல் தடவையாகத் தோற்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. நானும் அவளும் பற்றரி சாகும்வரை சண்டை பிடித்துக்கொண்டே அந்தக் கணக்கை முடித்தோம். அவள் தேற்றத்தைச் சொன்னாள், நான் கணித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு கிழமைக்கொரு தரம் அப்படிச் செய்தோம். நாங்கள் தோழிகளாகவில்லை. இன்றைக்கும் இல்லை. அவளுடைய பெருநாள் வாழ்த்துக்கூட எனக்குப் பாதி கேலியாகத்தான் கேட்கும்.

வாய்மொழிப் பரீட்சையில் மூன்று பேரும் தேறினோம். நான் போனேன். ஒரு வருடம் அந்தக் குளிரில் இருந்து முதுமாணி முடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். உம்மா விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, "இனி எல்லாம் சரிதானே?" என்றா.

சரியில்லை. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பதவிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களில் ஒருவர் என் சான்றிதழைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு வருஷ முதுமாணியா?" என்றார். "எங்கட விதிப்படி ரெண்டு வருஷம் வேணும்."

"சேர், அவங்க முதல் ஒரு பாலப் படிப்பும் தந்தாங்க."

"அது பட்டத்துக்கு முந்தினது. கணக்கில வராது."

"நான் என்ன படிச்சேன் எண்டு கேளுங்களேன். பலகையில செஞ்சு காட்டுறேன்."

"மிஸ், இது வகுப்பு இல்ல," என்றார் இன்னொருவர். யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். கணிதத்தில் ஒரு கேள்விகூட அங்கே என்னிடம் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் பாலாவிச் சந்தியில் பஸ் மாறும்போது சீமெந்து லொறிகளின் தூசி முகத்தில் அடித்தது. அந்த மேசையில் இருந்தவர்களைவிட அந்த மாப்பிள்ளை மேல் என்று ஒரு கணம் தோன்றியது. அவராவது என்னிடம் ஏதோ கேட்டார். அப்படித் தோன்றியதற்காக என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

வேலை கடைசியில் குளிர் நாட்டிலிருந்துதான் வந்தது. அதே பாலப் படிப்புக்குப் புதிய தொகுதி வருகிறது, பயிற்சி வகுப்புகளை நீ எடுக்கிறாயா என்று அந்த மெலிந்த பெண் கேட்டா. எடுத்தேன். கற்பிட்டியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்து எடுக்கிறேன். உம்மா கதவுக்கு வெளியே நின்று, இவள் யாரோடு இப்படிச் சண்டை பிடிக்கிறாள் என்று முதல் கிழமை முழுதும் பயந்தா. நான் கடுமையான ஆள் என்று மாணவர்கள் முறைப்பாடு செய்திருக்கிறார்களாம். அப்படியே இருக்கட்டும் என்று அந்தப் பெண் பதில் சொல்லியிருக்கிறா.

போன மாதம் இன்னொரு புதிய தொகுதியின் முதல் வகுப்பு. தொடர்ச்சியைப் பற்றித் தொடங்கினேன். இங்கிலாந்தில் படித்த ஒருவன் கையைத் தூக்காமலே கதைத்தான். "எங்கள் முறையில் இதெல்லாம் முதல் வருடத்திலேயே முடிந்துவிடும். இதைத் தாண்டிப் போகலாமா?"

எனக்குக் காது சுட்டது.

"முடிந்துவிடுமா? நல்லது. திரையை உனக்குத் தருகிறேன், செய்து காட்டு," என்றேன். அன்றைய பயிற்சித் தாளில் இருந்ததிலேயே கடினமான கணக்கைக் கொடுத்தேன். அவன் தடுமாறுவதைப் பார்க்கக் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அவன் செய்தான். அவசரப்படவில்லை. எந்த நிபந்தனை எங்கே வேலை செய்கிறது என்று ஒவ்வொரு வரியிலும் சொன்னான். ஓரிடத்தில் நின்று, "இல்லை, இது போதாது" என்று தானே வெட்டிவிட்டுத் திருத்தி எழுதினான். நான் செய்திருந்தால் அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. பிழை பிடிக்க இரண்டு தரம் மேலிருந்து கீழே வாசித்தேன். பிழையில்லை.

"சரி," என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு நேரமெடுத்தது. பிறகு அடுத்த கணக்கைப் போட்டு, அதுவரை வாய் திறக்காமல் இருந்த ஒரு பிள்ளையை யோசித்துச் சொல்லும்படி கேட்டேன்.